டார்கெட்டை உயர்த்துவதா, தொடர்பைச் சொல்லிக்கொடுப்பதா? போஸ்ட்கிரெஸ் புள்ளிவிபரங்களைச் சீர்செய்யும் வழிகள்

"மாத இறுதி அறிக்கை இழுபடுகிறது, போஸ்ட்கிரெஸ் தவறான திட்டத்தைத் தெரிவு செய்கிறது" என்று யாழ்ப்பாணத்தில் எந்த மென்பொருள் அலுவலகத்தில் போய்ச் சொன்னாலும் முதலில் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "டிஃபோல்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டார்கெட்டை 100 இலிருந்து 1000 ஆக்கிவிடு." டார்கெட் என்பது தரவைப் பற்றிய புள்ளிவிபரங்களை எவ்வளவு விரிவாகத் திரட்டுவது என்று தீர்மானிக்கும் எண். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஒரு சுழியம் கூடுகிறது, ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவும் கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்த ஆலோசனையில் பெரிய நம்பிக்கை கிடையாது. சில இடங்களில் அது உதவும். ஆனால் நம்முடைய தரவுகளில் அடிக்கடி வரும் சிக்கலுக்கு அது மருந்தே இல்லை.

வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, எந்த வழியில் ஓட்டுவது என்று திட்டமிடும் போஸ்ட்கிரெஸின் பகுதிதான் பிளானர். அதன் வேலை ஊகிப்பது. ஒரு வினவலுக்கு எத்தனை பதிவுகள் வரும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸைப் பிடிப்பதா, அட்டவணை முழுவதையும் வாசிப்பதா, இரண்டு அட்டவணைகளை எப்படி இணைப்பது என்று முடிவெடுக்கிறது. அந்த ஊகத்துக்கு அடிப்படை, அனலைஸ் கட்டளை திரட்டி வைக்கும் புள்ளிவிபரங்கள். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், வினவலை உண்மையாகவே ஓட்டித் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்ற வேறொரு கட்டளையை ஓட்டி, ஒவ்வொரு படியிலும் பிளானர் எதிர்பார்த்த பதிவுகளையும் உண்மையில் வந்த பதிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கீழ்ப்படியிலிருந்து மேல்நோக்கி வாசிப்பது நல்லது. இரண்டு எண்களும் முதன்முதலில் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் நோய். மேலே தெரியும் பிழைகள் பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

எண்கள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, ஆனாலும் திட்டம் மோசம் என்றால் புள்ளிவிபரங்களைத் தொட வேண்டாம். அது செலவுக் கணக்கின் கோளாறு. ஒழுங்கற்ற வாசிப்புக்கான செலவு, அதாவது ரேண்டம் பேஜ் கோஸ்ட், இயல்பாக 4 என்று இருக்கும். பழைய சுழலும் வன்தட்டுக் காலத்துக்குப் பொருந்திய எண் அது. எஸ்.எஸ்.டி பொருத்திய சேர்வரில் 1.1 அளவுக்குக் குறைப்பது இன்று பலரும் செய்வதுதான்.

எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால்தான் கீழே சொல்லும் தெரிவுகளுக்கு வேலை. விளக்குவதற்காக ஒரு தரவுத்தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ். மாவட்டம் முழுவதும் கடன் வழங்கும் கூட்டுறவு அமைப்பு ஒன்று. தவணை அட்டவணையில் 10 இலட்சம் பதிவுகள், பற்றுச்சீட்டு அட்டவணையில் 2 கோடி. ஒவ்வொரு தவணைப் பதிவிலும் பிரதேச செயலகம், கிராம சேவையாளர் பிரிவு, கிளை என்று மூன்று புலங்கள். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம சேவையாளர் பிரிவுகளும் உள்ளன. கிளைகள் 20 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தெரிவு, அனலைஸை அடிக்கடி ஓட்டுவது. இதில் விவாதத்துக்கே இடமில்லை, எல்லாவற்றுக்கும் முன்னர் இதைச் செய்யுங்கள். பின்னணியில் தானாக ஓடும் பராமரிப்பு வேலையான ஓட்டோவேக்கியூம் இயல்பாக 50 பதிவுகளுடன் அட்டவணையின் 10 சதவீதமும் மாறிய பிறகே அனலைஸ் செய்யும். 2 கோடிப் பதிவுள்ள அட்டவணையில் அது 20 இலட்சத்துச் சொச்சம் மாற்றங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பற்றுச்சீட்டுகள் குவிந்தாலும் அந்த எல்லையைத் தொடாமலே போகலாம். தேரன்று பதிவானவற்றைக் கேட்கும் வினவலுக்குப் பிளானரிடம் இருப்பது ஆடி மாதத்துப் படம்தான். அந்த அட்டவணைக்கு மட்டும் விகிதத்தை 0.01 ஆகக் குறைக்கலாம், அல்லது விகிதத்தைச் சுழியமாக்கி 20,000 மாற்றத்துக்கு ஒருமுறை என்று நிலையான எல்லை வைக்கலாம். அனலைஸ் வாசிப்பதையோ எழுதுவதையோ தடுக்காது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எந்த அட்டவணையில் எத்தனை பதிவுகள் மாறின என்ற எண்ணிக்கையைப் போஸ்ட்கிரெஸ் தனியாக வைத்திருக்கிறது. சேர்வர் ஒழுங்காக நிறுத்தப்படாமல் மின்சாரம் போய் அணைந்தால், மீண்டும் எழும்போது அந்த எண்ணிக்கைகள் எல்லாம் சுழியத்துக்குப் போய்விடும். பிளானர் பயன்படுத்தும் புள்ளிவிபரங்கள் அழிவதில்லை. ஆனால் அவற்றை எப்போது புதுப்பிப்பது என்ற கணக்கு தொலைந்துவிடுகிறது. 15 இலட்சம் மாற்றங்கள் வரை எண்ணியிருந்த ஓட்டோவேக்கியூம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. 2022 இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில், யூ.பி.எஸ் மின்கலம் செத்துப்போன சின்ன அலுவலகம் ஒன்றில் இது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மின்வெட்டால் சேர்வர் விழுந்து எழுந்த ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் முழுவதற்கும் கையால் ஒருமுறை அனலைஸ் ஓட்டுவது இங்கே கட்டாயப் பழக்கமாக வேண்டும்.

ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்த அட்டவணைகளிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓட்டோவேக்கியூம் அந்த ஆண்டுப் பிரிவுகளை மட்டுமே கவனிக்கும். தாய் அட்டவணைக்குத் தானாக அனலைஸ் ஓடாது. அதை நீங்களே இரவு வேலைகளில் சேர்க்க வேண்டும்.

இனி, எல்லோரும் சொல்லும் டார்கெட். 2009 இல் வந்த 8.4 பதிப்பில்தான் இதன் இயல்பு மதிப்பு 10 இலிருந்து 100 ஆனது. 10,000 வரை ஏற்றலாம். இந்த ஓர் எண் மூன்று காரியங்களைக் கட்டுப்படுத்துகிறது: ஒரு புலத்தில் அதிகம் வரும் மதிப்புகளின் பட்டியல் எவ்வளவு நீளம், மீதி மதிப்புகளின் பரவலைக் காட்டும் படத்தில் எத்தனை கட்டங்கள், மாதிரிக்கு எத்தனை பதிவுகளை எடுப்பது. மாதிரியின் அளவு டார்கெட்டின் 300 மடங்கு. அதாவது 100 என்றால் 30,000 பதிவுகள். அட்டவணையில் 10 இலட்சம் இருந்தாலும் சரி, 2 கோடி இருந்தாலும் சரி, அதே 30,000தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாச் சோறும் ஒரே நெருப்பில் வெந்தால் பொருந்தும். ஒரு பக்கம் குழைந்து மறுபக்கம் அரிசியாகக் கிடக்கும் பானையில் இன்னும் நாலைந்து இடத்தில் கிள்ளிப் பார்க்கத்தான் வேண்டும்.

நம்முடைய கிராம சேவையாளர் பிரிவுப் புலம் அப்படிப்பட்ட பானைதான். நகரத்தை அண்டிய பிரிவுகளில் ஆயிரக்கணக்கில் தவணைகள், தீவுப் பகுதியின் சில பிரிவுகளில் கைவிரலால் எண்ணத்தக்கவை. டார்கெட் 100 என்றால் 435 பிரிவுகளில் அதிகம் வரும் 100க்கு மட்டும் சரியான கணக்கு இருக்கும். மீதி 335க்கும் ஒரே சராசரி. அந்தச் சராசரியில் நெடுந்தீவுப் பிரிவு ஒன்றும் உடுவில் பிரிவு ஒன்றும் ஒரே அளவாகத் தெரியும். அந்தப் புலத்துக்கு மட்டும் டார்கெட்டை 500 ஆக்கினால் 435உம் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. இங்கே உயர்த்துவதை நான் மறுக்கவில்லை. எண் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல முடிகிறது.

நான் மறுப்பது, எல்லாப் புலங்களுக்கும் ஒரேயடியாக 1000 வைப்பதை. ஆண், பெண் என்று இரண்டே மதிப்புள்ள புலத்துக்கு 1000 நீளப் பட்டியல் எதற்கு? மாதிரி ஒவ்வொரு அட்டவணைக்கும் 3 இலட்சம் பதிவாகிறது, அனலைஸ் நீள்கிறது. அதைவிட மோசம், திட்டமிடும் நேரம் கூடுகிறது. இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது பிளானர் இருபக்கத்துப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பட்டியல் நீண்டால் அந்த வேலையும் நீளும். நாளொன்றுக்கு ஒருமுறை ஓடும் அறிக்கையில் அது தெரியாது. கரும பீடத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் வரும்போது ஓடும் சின்ன வினவல்களில் தெரியும்.

"அண்ணா, 1000 ஆக்கினேன், அனலைஸும் ஓட்டினேன், ஊகம் அசையவே இல்லை" என்று இளைய பொறியியலாளர் ஒருவர் வந்து நின்றால் நான் கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, நிபந்தனையில் எத்தனை புலங்கள் இருக்கின்றன?" ஒன்றுக்கு மேல் இருந்தால் டார்கெட்டை 10,000 ஆக்கினாலும் அசையாது.

காரணம் இது. பிளானர் ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாகத்தான் அறிந்து வைத்திருக்கிறது. புலங்களுக்கிடையே உறவு எதுவும் இல்லை என்று நம்பி விகிதங்களைப் பெருக்குகிறது. கணக்கு எளிதாக இருக்க எல்லாப் பிரிவுகளும் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒரு குறிப்பிட்ட பிரிவுக்கு 435இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,300 பதிவுகள். வினவலில் பிரதேச செயலகத்தையும் சேர்த்துவிட்டால் பிளானர் 15ஆல் வகுத்து 153 என்கிறது. கிளையையும் சேர்த்தால் மறுபடி 20ஆல் வகுத்து 8 என்கிறது. உண்மை என்ன? அந்தப் பிரிவு ஒரே பிரதேச செயலகத்துக்குள்தான் இருக்கிறது, அங்குள்ளவர்கள் போவதும் அநேகமாக ஒரே கிளைக்குத்தான். வருவது அதே 2,300. கிட்டத்தட்ட 300 மடங்கு பிழை. எட்டுப் பதிவு என்று நம்பிய பிளானர், ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு அட்டவணையின் இண்டெக்ஸைத் தட்டும் நெஸ்டட் லூப்பைத் தெரிவு செய்கிறது. எட்டுத் தடவைக்கு அது மிகச் சிறந்த வழி. 2,300 தடவைக்கு, அதுவும் பதிவுகள் 2 கோடிக்குள் சிதறிக் கிடக்கும்போது, அறிக்கை ஏன் இழுபடுகிறது என்று கேட்க வேண்டியதில்லை. அதன் மேல் இன்னோர் இணைப்பு வந்தால் பிழையும் சேர்ந்தே ஏறும்.

இதற்கான மருந்து 2017 இல் 10ஆம் பதிப்புடன் வந்த கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். எந்தப் புலங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நாமே சுட்டிக்காட்டுகிறோம்; அடுத்த அனலைஸின்போது போஸ்ட்கிரெஸ் அந்தத் தொடர்பை அளந்து வைத்துக்கொள்கிறது. மூன்று வகை உண்டு. ஒரு புலம் இன்னொன்றை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்று அளக்கும் சார்பு வகை. இத்தனை விதமான சேர்க்கைகள் உள்ளன என்று எண்ணும் வகை. இது சேர்த்துக் குழுவாக்கும் வினவல்களுக்கு உதவும். அதிகம் வரும் சேர்க்கைகளையே பட்டியலிடும் எம்.சி.வி வகை. கடைசி வகை 2019 இல், 12ஆம் பதிப்பில் சேர்ந்தது.

கிராம சேவையாளர் பிரிவு, பிரதேச செயலகம், கிளை என்ற நம் மூன்று புலங்களுக்கும் சார்பு வகையே போதும். பிரிவைச் சொன்னால் பிரதேசம் தானாக வந்துவிடுகிறது என்று அது கண்டுகொள்ளும், 15ஆல் வகுப்பதை நிறுத்திவிடும். இடமும் நேரமும் மிகக் குறைவு. குறை, அது சமம் என்ற நிபந்தனைகளுக்கும் அதை ஒத்த பட்டியல் நிபந்தனைகளுக்கும்தான் உதவும். "இந்தத் திகதிக்குப் பிறகு" என்பது போன்ற வீச்சு நிபந்தனைகளில் வாய்திறக்காது. இன்னொன்று, கேட்பவர் முரணாகக் கேட்கமாட்டார் என்று அது நம்புகிறது. கோப்பாய்ப் பிரதேச செயலகத்தில் நெடுந்தீவின் பிரிவு ஒன்றைத் தேடினால் விடை சுழியம். சார்பு வகையோ அந்தப் பிரிவின் முழு எண்ணிக்கையையே ஊகமாகத் தரும். நடைமுறையில் யாரும் அப்படித் தேடுவதில்லை என்பதால் நான் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

எம்.சி.வி வகைக்கு நல்ல உதாரணம் பழக்கடை. கறுத்தக்கொழும்பான் மாம்பழ விற்பனை ஆனியில் குவியும், மார்கழியில் ஒன்றுமிராது. மாதம் பழத்தைத் தீர்மானிப்பதில்லை. பழமும் மாதத்தைத் தீர்மானிப்பதில்லை. சில சேர்க்கைகள் மிகுதி, சில சேர்க்கைகள் இல்லவே இல்லை, அவ்வளவுதான். சார்பு வகை இங்கே பயனற்றது, பட்டியல்தான் வேண்டும். திகதியிலிருந்து மாதத்தைப் பிரித்தெடுத்து நிபந்தனை வைத்தால் இன்னொரு தொல்லை: அப்படிக் கணக்கிட்டுப் பெறும் கோவைக்கு எந்தப் புள்ளிவிபரமும் இல்லாததால் பிளானர் கண்ணை மூடிக்கொண்டு 200இல் ஒன்று, அதாவது 0.5 சதவீதம் என்கிறது. 14ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய கோவைகளையும் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சேர்க்கலாம். 2021க்கு முந்திய பதிப்பில் இருப்பவர்கள் அந்தக் கோவைக்கே ஓர் இண்டெக்ஸ் போட்டால் அனலைஸ் அதற்கும் புள்ளிவிபரம் திரட்டும்.

இப்போது, கவனிக்காமல் விட்டால் கால் வழுக்கும் இடம். வகையைக் குறிப்பிடாமல் கட்டளையை எழுதினால் மூன்று வகையும் உருவாகும். "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று தோன்றும். ஆனால் எம்.சி.வி பட்டியல் இருந்தால் பிளானர் அதைத்தான் முதலில் எடுக்கிறது. அது கையில் எடுத்த நிபந்தனைகளுக்குச் சார்புக் கணக்கு பிறகு பயன்படாது. பட்டியலின் நீளமோ அதே 100. நம் 435 சேர்க்கைகளில் பட்டியலுக்கு வெளியே நிற்கும் 335இல் ஒன்றைக் கேட்டால், ஊகம் மறுபடி பழைய பெருக்கல் கணக்கின் பக்கம் சாய்ந்துவிடும். சோதித்துப் பார்ப்பவர் வழக்கமாகப் பெரிய பிரிவு ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். அது பட்டியலில் இருக்கும், எண்ணும் அழகாக வரும். கிளை அலுவலகம் சின்னப் பிரிவு ஒன்றுக்கு அறிக்கை எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே ஒன்று, சார்பு வகையை மட்டும் பெயர் சொல்லி உருவாக்குங்கள். அல்லது 13ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் வசதியைக் கொண்டு அந்தப் புள்ளிவிபரத்தின் டார்கெட்டை மட்டும் 500 ஆக்கி, 435உம் உள்ளே வருமாறு பாருங்கள். நான் முதலாவதையே தெரிவு செய்வேன். கிராம சேவையாளர் பிரிவுகளின் எல்லை அடிக்கடி மாறுவதில்லை, சார்பு நிலையானது, பராமரிப்பும் குறைவு.

இணைப்புகளுக்கு இந்தக் கருவி உதவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அட்டவணைக்குள் இருக்கும் புலங்களின் தொடர்பை மட்டுமே அது அறியும். பிரதேசம் ஓர் அட்டவணையிலும் பிரிவு இன்னோர் அட்டவணையிலும் இருந்தால், ஒழுங்காகப் பிரித்து வடிவமைத்த தரவுத்தளமே பிளானரின் கண்ணை மறைக்கிறது. அப்போது வினவலை மாற்றி எழுதுவதோ, தேவையற்ற நிபந்தனையை அகற்றுவதோதான் வழி. பிரிவைக் கேட்டுவிட்டுப் பிரதேசத்தையும் கேட்பது பல அறிக்கைகளில் வெறும் பழக்கத்தால் வருவது. திரையில் இரண்டு தெரிவுப் பெட்டிகள் இருக்கின்றன என்பதற்காக இரண்டையும் வினவலுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, ஒரு புலத்தில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் உள்ளன என்பதைக் கையாலேயே சொல்லிவிடுவது. பெரிய அட்டவணைகளில் மாதிரியிலிருந்து கணிக்கப்படும் இந்த எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே வரும் போக்கு உண்டு. பற்றுச்சீட்டில் உறுப்பினர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சில வியாபாரிகள் தினமும் பணம் கட்டுகிறார்கள், பெரும்பாலோர் எப்போதாவது வருகிறார்கள். மாதிரியில் முதல் வகையினரே திரும்பத் திரும்ப அகப்படுவார்கள். உண்மையில் 60,000 உறுப்பினர்கள் என்று நமக்குத் தெரிந்தால், அந்தப் புலத்தின் என்-டிஸ்டிங்க்ட் மதிப்பை 60,000 என்றோ, அட்டவணையோடு சேர்ந்து வளரட்டும் என்றால் மைனஸ் 0.003 என்றோ வைக்கலாம் (மைனஸ் என்றால் மொத்தப் பதிவுகளில் அந்தப் பங்கு). அடுத்த அனலைஸில் நடைமுறைக்கு வரும். 9.0 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி இது, மலிவானது, கூர்மையானது. ஆனால் எழுதி வைக்காவிட்டால் ஆபத்து. வைத்தவர் வேலையை விட்டுக் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டால், அந்த எண் ஏன் அங்கே இருக்கிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

எந்த வழியில் ஓட வேண்டும் என்று பிளானருக்கு ஹின்ட் கொடுத்துத் திட்டத்தைக் கட்டிப்போடுவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இருக்கும் அந்த வசதி போஸ்ட்கிரெஸின் மையத்தில் இல்லை. பிஜி-ஹின்ட்-பிளான் என்ற கூடுதல் மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். மறுநாள் காலை சம்பளப் பட்டியல் வெளியாக வேண்டும், இன்றிரவு வினவல் ஓட வேண்டும் என்ற நிலையில் நானும் பயன்படுத்துவேன். நெஸ்டட் லூப்பை அந்த ஒரு பரிவர்த்தனைக்குள் மட்டும் அணைத்து வைப்பதும் இதே இனம்தான். பிளானர் தவறிய இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு அது நல்ல சோதனையும்கூட. நிரந்தரமாக விட்டால், ஹின்ட் எழுதிய நாளின் தரவு மாறிப்போன பின்னும் திட்டம் அங்கேயே நிற்கும்.

நம் கூட்டுறவுத் தரவுத்தளத்தை என் கையில் கொடுத்தால், பற்றுச்சீட்டு அட்டவணைக்கு அனலைஸ் எல்லையைக் குறைப்பேன். மூன்று புலங்களுக்கும் சார்பு வகைப் புள்ளிவிபரம் ஒன்று உருவாக்குவேன். கிராம சேவையாளர் பிரிவுப் புலத்துக்கு மட்டும் டார்கெட்டை 500 ஆக்குவேன். பொது டார்கெட் 100 ஆகவே இருக்கும். இவ்வளவும் செய்து எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் இரண்டு எண்களும் நெருங்கவில்லை என்றால்தான் என்-டிஸ்டிங்க்ட் பக்கம் போவேன்.

பதிப்பை மாற்றும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். 17 வரையான பதிப்புகளுக்குப் பிஜி-அப்கிரேட் என்ற கருவி மூலம் மாறும்போது புள்ளிவிபரங்கள் எதுவும் கூட வருவதில்லை. 2025 இல் வந்த 18க்கு மாறும்போது சாதாரணப் புள்ளிவிபரங்கள் வந்துவிடுகின்றன. கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸால் திரட்டியவை அப்போதும் வருவதில்லை. வரையறை இருக்கும், உள்ளே எண்கள் இருக்காது. சனிக்கிழமை பதிப்பை மாற்றினால், திங்கள் காலை கிளைகள் திறப்பதற்கு முன் தரவுத்தளம் முழுவதற்கும் அனலைஸ் ஓடி முடிந்திருக்க வேண்டும்.